இடையர் சரணம்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று, இஸ்திரிக்காரி பழைய பாட்டின் இரண்டாம் சரணத்தைப் பாடியதும் ஆலயத்துக்குள் ஆடுகள் வந்தன. கதவு சாத்தித்தான் இருந்தது. பீடத்துப் பக்கமிருந்து ஈர ரோம வாடையோடு இறங்கி, நடுவழிக் கம்பளத்தில் நின்று, சரணம் முடியும்வரை கேட்டுவிட்டு வந்த வழியே போயின. புழுக்கை மட்டும் கிடந்தது.

அந்தப் பாட்டுக்கு மூன்று சரணம். முதலாவதில் வானதூதர்கள் சேதி சொல்வார்கள், இரண்டாவதில் இடையர்கள் கிளம்புவார்கள், மூன்றாவதில் தொழுவத்தைச் சேர்வார்கள். இடையர் சரணத்தைக் கட்டைக்குரல் ஒன்று தனியாகப் பாடுவது அங்கே வழக்கம். அதுவரை பாடிவந்தவர் கறிக்கடைக்காரர். அவர் பாடி எந்த ஆடும் வந்ததில்லை. ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை. மூச்சிரைப்பு வந்து அவர் உட்கார்ந்துவிட, சரணம் இஸ்திரிக்காரிக்கு வந்தது. ஆம்பளைக் குரல் என்று பின்வரிசையில் அவளை வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கென்று கிடைத்த முதல் சரணம் அது.

மூன்றாம் நாள், பாடகர் குழுவை நடத்தும் மெட்டுக்காரர் அவளுடைய சலவைக்கடைக்கு வந்தார்.

"தப்பா நினைக்காதீங்கக்கா. பண்டிகைக்கு அந்தச் சரணத்த விட்டுடலாம்னு முடிவு பண்ணிருக்கோம்."

"யாரு முடிவு பண்ணது?"

"எல்லாரும்தான். அந்தக் கம்பளத்த வந்து பாருங்க."

"கம்பளத்தக் கொண்டாங்க தம்பி, வெளுத்துத் தர்றேன். சரணத்தத் தரமாட்டேன்."

துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் தலை நிமிராமல் சொன்னாள்: "ஒட்டகத்துல வர்ற மூணு ராஜாக்கள் பாட்டக் கேட்டு வாங்குங்க அண்ணி. ஒட்டகம் வந்தா இவங்க ஆட்டையே கூப்பிடுவாங்க."

மெட்டுக்காரர் சிரிக்கவில்லை. சரணத்தை விட்டேவிட்டார்.

கிறிஸ்துமஸ் காலையில் குழு முதல் சரணத்தைப் பாடி நேரே மூன்றாவதற்குத் தாவியது. வாயைத் திறந்தால் மறுபடி முதல் சரணம்தான் வந்தது. ஆர்மோனியமும் அதையே வாசித்தது. தூதர்கள் சேதி சொல்லிக்கொண்டே இருந்தார்கள், கிளம்பத்தான் ஆளில்லை. பாதிரியார் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். குழந்தைகள் அழுது ஓய்ந்து தூங்கிப்போனார்கள். வெயில் ஜன்னல் தாண்டி நடுவழிக்கு வந்துவிட்டது. கடைசி பெஞ்சில் இஸ்திரிக்காரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தொண்டைக்குள் சரணம் முட்டியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கடைசியில் மெட்டுக்காரர் இறங்கி வந்தார். நிறுத்த முடியாததால் பாடிக்கொண்டே வந்து, பாடிக்கொண்டே கும்பிட்டார்.

"முன்வரிசையில நிப்பேன்," என்றாள் அவள். "குரலக் குறைக்க மாட்டேன். வருஷா வருஷம் இது என் சரணம். சரின்னா தலையாட்டுங்க தம்பி."

அவர் தூதரின் வாழ்த்தைப் பாடியபடி தலையாட்டினார்.

நாலு பேர் கம்பளத்தைச் சுருட்டினார்கள். அவள் முன்னால் போய் நின்று, ஜன்னல் கண்ணாடி அதிரப் பாடினாள். ஆடுகள் போன தடவையைவிட அதிகமாக வந்தன. கறிக்கடைக்காரர் காலை மடக்கி வழிவிட்டார். சரணம் முடிந்ததும் மூன்றாவது தானாக வந்தது. எல்லோரும் தொழுவத்தைச் சேர்ந்து, வீட்டுக்குப் போனார்கள்.

இப்போதும் ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் பாட்டில் அந்த இடம் வந்ததும் பதறி எழுவதுண்டு. பக்கத்திலிருப்பவர், "பாட்டுக்கு வந்திருக்குங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்பார். அவர்களும் தள்ளி உட்காருவார்கள்.