ஜெஸி வாய் திறக்காத நாள்

ஜெஸி தூங்கினால்தான் எங்கள் வீட்டில் சத்தம் அடங்கும். ஐந்து வயதுதான் ஆகிறது. கோழியோடு பேசுவாள், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துப் பேசுவாள். சபையில் போதகர் ஜெபத்தின் நடுவே மூச்சு வாங்கினால் அந்த இடைவெளியில் ஏதாவது சொல்லிவிடுவாள். ஈசாக் அவளை ரேடியோ என்று கூப்பிடுவான். அவனுக்கு ஒன்பது வயது. நான் மூத்தவள், ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். ஞானத்துக்கும் சேர்த்து இவள் பேசுகிறாள் என்று அம்மா சொல்வாள். ஞானம் நான்தான்.

திருவனந்தபுரத்தில் காட்சி பங்களாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்று அப்பா சொல்லி இரண்டு ஓணம் கழிந்துவிட்டது. புலியும் கரடியும் மலைப்பாம்பும் உள்ள தோட்டம் அது. அப்பாவுக்கு உதியன்குளங்கரை ஜங்ஷனில் சைக்கிள் கடை. பங்சர் ஒட்ட வருகிறவர்களைவிட, தமிழ் பேசும் நம் பகுதியைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கவேண்டும் என்று பேச வருகிறவர்கள்தான் அங்கே அதிகம். ஒரு தடவை நாங்கள் தலைசீவிப் புறப்பட்டு நின்றபோது ஹர்த்தால். இன்னொரு தடவை அப்பாவைப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். போன வருஷம் போராட்டக்காரர்கள்மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்திய பிறகு அவர் வீட்டில் இருப்பதே அபூர்வம்.

இந்த ஓண லீவிலும் அதேதான் நடந்தது. முந்தின நாள் சாயங்காலம் அப்பா வந்து, குழித்துறையில் கூட்டம் என்றார்.

"நீங்க கூட்டத்துக்குப் போங்க. பிள்ளைகள நான் கொண்டு போறேன்" என்றாள் அம்மா.

"நீயா? கரமனைக்கு அங்கோட்டு நீ போயிருக்கியாட்டி?"

"நீங்க ஜெயிலுக்குப் போனதும் மொத தடவதானே. வழி தெரிஞ்சிட்டா போனிய?"

அப்பா சிரித்துவிட்டார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "செரி ரத்னபாய், போயிட்டு வா. ஆனா பஸ்ஸிலயும் அங்கயும் தமிழ் மிண்டாண்டாம். தமிழ் பேசினான்னு ஒருத்தன வழியில எறக்கி விட்டானுவளாம். நெசமோ பொய்யோ, கேள்விப்பட்டதாக்கும்" என்றார்.

எங்களுக்கு மலையாளம் தெரியாமலில்லை. சந்தையிலும் பக்கத்து வீட்டு சத்யபாமா அக்காவிடமும் மலையாளம்தான். எந்த இடத்தில் எது எதுவாக மாறியது என்று யாரும் கவனிப்பதில்லை. ஜெஸிக்கு அது எல்லாமே ஒரே பேச்சாக இருந்தது. அது இரண்டு பேச்சு என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அம்மா அடுப்படியில் கட்டுச்சோற்றுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். ஜெஸி அவள் முதுகில் சாய்ந்துகொண்டு ஆரம்பித்தாள்.

"குடிக்குத வெள்ளம் தமிழாம்மா?"

"மலையாளம்."

"சோறு?"

"அது ரெண்டிலயும் உண்டு."

"அப்பம் எனக்குப் பசிக்குதுன்னு செல்லலாமா?"

"அது தமிழ். விசக்குந்நுன்னு செல்லணும்."

"கோழி?"

"ரெண்டும்."

"கோழி கொத்துதுன்னா?"

அம்மா திருவலை நிறுத்தினாள். "எனக்க பொன்னு மக்கா, எது எதுன்னு தெரியலன்னா வாயத் திறக்காத. நான் செல்லுதது வர ஒண்ணும் மிண்டப்பிடாது. கேட்டியா?"

ஜெஸி தலையாட்டினாள். அதை அவள் காப்பாற்றுவாள் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை.

மறுநாள் காலையில் பஸ் ஏறியதுமே அவள் உதடுகளை உள்ளே மடக்கிக்கொண்டாள். கண்டக்டர் குனிந்து மலையாளத்தில் பேர் கேட்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். "நாணமாணு" என்று அம்மா வெட்கப்படுவதாகச் சொல்லிச் சமாளித்தாள். ஈசாக் சிரிப்பை அடக்கத் தன் கையையே கடித்துக்கொண்டான். பாலராமபுரத்தில் தெருவின் நீளத்துக்கும் நெசவுக்கான நூல் பாவு விரித்து வைத்திருந்தார்கள். ஜெஸி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. கேட்க வேண்டியதெல்லாம் உள்ளே அடைத்து நிற்பது பார்த்தாலே தெரிந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நானும் மிண்டாமல்தான் வந்தேன். ஆனால் எனக்கு அது ஒரு வேலையே இல்லை.

கிழக்கேக்கோட்டையில் இறங்கினால், சாலைச் சந்தைக் கடைகளின் பக்கமிருந்து தமிழ் உரக்கக் கேட்டது. ஒருவர் வெங்காய மூட்டைக்காகத் தமிழில் சண்டையே போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, இவனுவ எல்லாம் தமிழ் பேசுதானுவளே" என்று ஈசாக் ரகசியமாகச் சொன்னான்.

"அவங்களுக்கு இங்க கடை உண்டுலே. நமக்குக் கடை இல்ல. வாய மூடிட்டு வா" என்றாள் அம்மா.

காட்சி பங்களாவில் ஓணக் கூட்டம். மஞ்சள் கோடித்துணி உடுத்த குழந்தைகள், தோளில் குழந்தையை ஏற்றிய அப்பாக்கள், ஐஸ் விற்கிறவர்கள். பெரிய பெரிய மரங்களின் நிழலில் குடும்பம் குடும்பமாக இலை விரித்துச் சாப்பிட்டார்கள். இப்படி ஒரு நாள் முழுக்கச் சும்மா சுற்றிப் பார்ப்பதற்காக மட்டுமே இத்தனை பேர் வந்திருப்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. குரங்குக் கூட்டில் ஒரு குரங்கு ஈசாக்கின் கடலைப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டது. அவன் கண் நிறைந்துவிட்டது. தூசி விழுந்தது என்று சொன்னான். ஜெஸி அவனைச் சுட்டிக் காட்டித் தோள் குலுங்கச் சிரித்தாள். சத்தம் மட்டும் வரவில்லை.

அம்மா சத்யபாமா அக்காவின் செருப்பை இரவல் வாங்கிப் போட்டு வந்திருந்தாள். அது கடித்துவிட்டது. "நான் இந்த மரத்தடியில இரிக்கேன். நீ இதுகளக் கொண்டுபோய் புலியக் காட்டிட்டு வா" என்றாள்.

புலிக்கூட்டுக்கு முன்னால் சுவர் போல ஆட்கள். ஈசாக் கால்களின் நடுவே புகுந்து உள்ளே போய்விட்டான். நான் அவன் காலரைப் பிடிக்க எட்டினேன். அதற்கு ஒரு கைதான் வேண்டும். ஜெஸியைப் பிடித்திருந்த கையையும் சேர்த்து இரண்டையும் நீட்டிவிட்டேன். அவனை இழுத்துக்கொண்டு திரும்பினால் ஜெஸி இல்லை.

கூட்டத்தைச் சுற்றி ஓடினோம். மரத்தடியில் அம்மாவிடமும் இல்லை. அம்மா எழுந்த வேகத்தில் செருப்பு அங்கேயே கிடந்தது.

"நான் வாசலுக்குப் போறேன், வெளியப் போயிரப்பிடாது. ஈசாக்கே, நீ இந்த மரத்த விட்டு அனங்கப்பிடாது. ஞானம், நீ அங்கோட்டுப் போ. ஆளுவகிட்டக் கேளு மக்கா. வாயத் திறந்து கேளு."

நான் கேட்க நினைத்த முதல் மூன்று பேரும் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். பறவைக் கூடுகளின் பக்கம் காக்கி உடுப்போடு ஒரு காவல்காரர் நின்றார். அவர் முன்னால் போய் வழியை அடைத்து நின்றுகொண்டேன். அவரே என்ன வேண்டும் என்று கேட்டார்.

"தங்கச்சியைக் காணவில்லை. ஐந்து வயது" என்றேன் மலையாளத்தில்.

"எப்படி இருப்பாள்?"

"நிறையப் பேசுவாள். யாரைக் கண்டாலும் பேசுவாள்."

"அப்படியானால் பயப்படாதே. யாரிடமாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டு நிற்பாள். என் அறையில் ஒரு குழந்தை இருக்கிறது, ஆனால் அது பாவம் ஊமை. பேர் கேட்டால் தலையைக் குனிகிறது. நீ குளத்துப் பக்கம் பார்" என்றார். அதற்குள் வேறு யாரோ அவரிடம் வழி கேட்டார்கள்.

பாவாடை நிறத்தைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பேச்சைத் தவிர அவளுக்கு வேறு அடையாளம் உண்டு என்றே நான் நினைத்ததில்லை.

குளம் பச்சையாகக் கிடந்தது. கரையில் முதலை ஒன்று வாயைத் திறந்து வைத்திருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஜெஸி" என்றேன். எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகக் கூப்பிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கே இருந்தாலும் நான் கூப்பிட்டால் அவள் பதில் சொல்வாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் புரிந்தது. சொல்லமாட்டாள். காலையிலிருந்து அவள் யாருக்குமே பதில் சொல்லவில்லை.

திரும்பி ஓடினேன்.

காவல்காரரின் அறை வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். உள்ளே ஸ்டூலில் ஜெஸி. மடியில் யாரோ கொடுத்த கடலை. ஒரு அம்மாள் அவள் முன்னால் குந்தியிருந்து, நெற்றியில் பொட்டு வைப்பதுபோலவும் குழந்தையைத் தாலாட்டுவதுபோலவும் சைகை காட்டி, 'உன் அம்மா எங்கே' என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளின் கண் கலங்கியிருந்தது. என்னைக் கண்டதும் ஜெஸி ஸ்டூலைவிட்டுக் குதித்து வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஆனால் உதடு மடங்கியே இருந்தது.

காவல்காரர் வந்துவிட்டார். "நில்லு, நில்லு. உன் தங்கச்சி வாயாடி என்றல்லவா சொன்னாய்? இது ஊமை. ஓணக் கூட்டத்தில் எதையும் யோசிக்காமல் எடுத்துக் கொடுக்க முடியுமா? தான் உன்னுடைய தங்கச்சி என்று இவளே சொல்லட்டும்."

"ஜெஸி, பேசு" என்றேன் மலையாளத்தில்.

அவள் தலையை அசைத்தாள்.

"அம்மா செல்லச் சொன்னா. மிண்டு" என்று தமிழில் அவள் காதில் சொன்னேன். அவள் என்னை நம்பவில்லை. அம்மா இங்கே இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவளை என்னிடமிருந்து பிரித்து மறுபடி ஸ்டூலில் உட்காரவைக்கக் காவல்காரர் குனிந்தார். அப்போது எனக்குள் எதுவோ அறுந்ததுபோல நான் பேச ஆரம்பித்தேன். மலையாளம் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. வந்ததெல்லாம் எங்கள் வீட்டுப் பேச்சுதான்.

"இது எனக்க தங்கச்சியாக்கும். பேரு ஜெஸி. எங்களுக்கு ஊரு குளத்தூரு. எங்க அப்பா செல்லையன், சைக்கிள் கடை வச்சிருக்கினும். தமிழ் பேசப்பிடாதுன்னு எங்க அம்மா இவகிட்டச் செல்லியிருந்தா. எது தமிழ், எது மலையாளம்னு இவளுக்குத் தெரியாது. அதனாலயாக்கும் ஒண்ணும் மிண்டாம இரிக்கா. காலத்த வீட்டில கோழிகிட்டப் பேசினா, அதுக்கப்புறம் பேசேல்ல. பஸ்ஸில பேசேல்ல. குரங்கு கடலையப் பிடுங்கினப்பம் இவ அழுதா, அப்பவும்—"

"நான் அழேல்ல" என்றாள் ஜெஸி.

குனிந்த காவல்காரர் நிமிர்ந்தார்.

"ஈசாக்காக்கும் அழுதது. தூசி விழுந்துன்னு கள்ளம் செல்லினான். நான் சிரிக்கதானே செய்தேன்? நீ ஏன் ஞானம் பொய் செல்லுத? இந்த மாமனுக்க தொப்பிக்குள்ள ஒரு சீப்பு உண்டு, நான் கண்டேன். இந்த மாமி எனக்குக் கடலை தந்தா, ஆனா கையக் கையக் காட்டினா, அவளுக்கு மிண்ட வராது போல, பாவம்."

சைகை காட்டிய அம்மாள் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். காவல்காரர் தொப்பியைக் கழற்றிச் சீப்பை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். பிறகு என்னிடம் எங்கள் பேச்சிலேயே, "பாறசாலையாக்கும் எனக்க பெண்டாட்டிக்கு வீடு. காலத்த எழும்பினா இதே பேச்சுதான். இங்க வந்து கொஞ்ச நேரம் கேக்காம இரிக்கலாம்னு பாத்தா, நடக்காது போலிருக்கே" என்றார். யாரோ அவரை மோகனன் அண்ணா என்று கூப்பிட்டு, இதைப் போய் அவர் வீட்டு அக்காவிடம் சொல்கிறேன் என்று மிரட்டினார்கள்.

யாரோ போய்ச் சொல்லி, வாசலிலிருந்து அம்மா வெறுங்காலோடு ஓடி வந்தாள். அறைக்குள் நுழையும்போதே அழுகையும் திட்டும் தமிழில் வந்துகொண்டிருந்தன. எங்கே போனாய் சவமே என்றாள், என் தங்கமே என்றாள், முதுகில் ஒன்று வைத்தாள், அந்த இடத்திலேயே முத்தமிட்டாள். திடீரென்று சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"செல்லுங்க செல்லுங்க, நாங்க அப்பவே தமிழ் கேட்டாச்சு" என்றார் மோகனன்.

மரத்தடியில் ஈசாக், அம்மா சொன்னபடியே அசையாமல் நின்றுகொண்டிருந்தான். கட்டுச்சோற்றையும் விடாமல் பிடித்திருந்தான். சாப்பிட்டு முடிக்கும்வரை ஜெஸி நிறுத்தவில்லை. பாலராமபுரத்து நூலில் தொடங்கி ஒவ்வொன்றாக எல்லாம் கேட்டாள். அம்மா ஒன்றுக்கும் போதும் என்று சொல்லவில்லை. புலிக்கு இறைச்சி போடும் நேரமாகிறது, வந்து பாருங்கள் என்று மோகனன் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மறுபடி அதே சுவர் போன்ற கூட்டம். இந்தத் தடவை ஜெஸியின் கையை நானும் பிடித்திருந்தேன், ஈசாக்கும் பிடித்திருந்தான். அம்மா கொஞ்ச நேரம் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். பிறகு முன்னால் நின்ற பெண்ணின் தோளைத் தொட்டாள்.

"கொஞ்சம் நீங்கி நில்லுங்க மக்கா. பிள்ளைக காணட்டு" என்றாள் தமிழில், வீட்டில் பேசுகிற அதே சத்தத்தில்.

அந்தப் பெண் திரும்பினால், சைகை காட்டிய அதே அம்மாள். "ஓ, நம்முடெ ஊமக்குட்டியோ" என்று ஜெஸியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எங்களுக்குத் தலைகள் மட்டும்தான் தெரிந்தன. கம்பிக் கதவு இழுபடும் சத்தம் கேட்டது, ஒரு உறுமல் கேட்டது.

"இப்போள் எந்து செய்யுந்நு?" புலி என்ன செய்கிறது என்று எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் மேலே பார்த்து மலையாளத்தில் ஜெஸியிடம் கேட்டார்.

"எலும்பக் கடிக்குது. ஒரு கைய எறச்சிக்க மேல வச்சிட்டு நம்மளயாக்கும் பாக்குது" என்றாள் ஜெஸி.