மஞ்சள் டெய்சிச் சக்கரம்

லவோனுக்குக் கார்கள் மேல் கோபம் கிடையாது. கோபமெல்லாம் அவற்றின் சக்கரங்கள் மேல்தான். சனிக்கிழமை விடிந்தால் போதும், புருஷன் வென்டல் சக்கரம் தேடப் புறப்பட்டுவிடுவான்.

இருபது வயதில் அவன் வாங்கிய பச்சை நிற செவெல் கார் இன்னும் கராஜில் நிற்கிறது. அறுபத்தொன்பது மார்ச் கடைசி வாரத்தில் தொழிற்சாலையை விட்டு வந்த வண்டி, தெருவையே அதிரவைக்கும் எஞ்சின். அந்தக் காலத்துப் பையன்கள் எல்லாரும் செய்த மடத்தனத்தைத்தான் அவனும் செய்தான். இவ்வளவு பெரிய எஞ்சினுக்கு இந்த ஏழைக் கால் எதற்கு என்று, வண்டியோடு வந்த சாதாரண இரும்புச் சக்கரங்களைக் கழற்றி மாமாவின் காயலான் கடையில் எறிந்துவிட்டு, பளபளவென்று அலாய் சக்கரம் மாட்டிக்கொண்டான். இப்போது ஃபிண்ட்லே வட்டாரத்தில் அவன் வயது ஆண்களில் பாதிப் பேர், அன்று எறிந்ததைத் தேடி ஊர் ஊராக அலைகிறார்கள்.

ஏதோ ஒரு இரும்புச் சக்கரம் என்றால் ஆகாது. காற்றடிக்கும் வால்வுத் துளைக்குப் பக்கத்தில் வருஷம், மாதம், நாள் என்று எண்கள் பொறித்திருக்கும். வண்டி பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்னால் பிறந்த சக்கரமாக இருந்தால்தான் கார் கிளப் ஆட்கள் தலையாட்டுவார்கள். வென்டல் அப்படி மூன்றைப் பிடித்துவிட்டான். நாலாவதுதான் போக்குக் காட்டிக்கொண்டே இருந்தது.

அந்த வீட்டில் இன்னொரு சக்கரமும் உண்டு. கராஜின் பக்கச் சுவரில், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸைச் சுற்றி வைப்பதற்காகத் தொங்குவது. கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள், ஹோஸ் காலைத் தடுக்கி விழ இருந்தேன் என்று லவோன் குறைப்பட்டுக்கொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வென்டல் மாமா கடைக் குவியலிலிருந்து ஒரு சக்கரத்தை உருவி வந்து, வெள்ளையடித்து, மேலே மஞ்சள் டெய்சிப் பூக்கள் வரைந்து, அவள் அம்மா வீட்டுச் சுவரில் மாட்டினான். ஒரு பூவுக்கு நாலு இதழ், பக்கத்துப் பூவுக்கு ஒன்பது. மற்றப் பெண்களுக்கு மோதிரமும் சென்ட்டும் கிடைத்தன, இவளுக்குக் கிடைத்தது இதுதான். ஆனாலும் அன்றைக்கே, கட்டிக்கொண்டால் இவனைத்தான் என்று முடிவு செய்துவிட்டாள். தனி வீடு வந்தபோது பெட்டி படுக்கைக்கு முன்னால் அந்தச் சக்கரத்தைத்தான் வண்டியில் ஏற்றினாள்.

இந்த வருஷம் பனி உருகியதும் ஹோஸை எடுக்கப் போனவள், வால்வுத் துளைக்குப் பக்கத்தில் வெள்ளை பெயிண்ட் சில்லு பெயர்ந்திருப்பதைப் பார்த்தாள். உள்ளே இரும்பில் ஒன்பது, பக்கத்தில் மூன்று. அறுபத்தொன்பது, மார்ச்.

வென்டல் பார்த்தால் துள்ளிக் குதிப்பான். அடுத்த நிமிஷம் பெயிண்ட் கரைக்கிற திரவத்தைக் கொண்டு வருவான். நாலிதழ்ப் பூ, ஒன்பதிதழ்ப் பூ எல்லாம் வழிந்து தரையில் ஓடும், மேலே பச்சை ஏறும். லவோன் சுற்றுமுற்றும் பார்த்தாள். உள்ளே போய் வராந்தாவுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளையைக் கொண்டு வந்து எண்களின் மேல் தடவிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல் செடிகளுக்குத் தண்ணீர் விட்டாள்.

கிளப்பின் கார் கண்காட்சிக்கு முந்தைய நாள், வென்டல் பழைய சாமான் சந்தையிலிருந்து கூவிக்கொண்டே வந்தான்.

"லவோன்! சிக்கிடுச்சு! நாலாவது சிக்கிடுச்சு! மார்ச் மாசத்து சக்கரம்!"

"கத்தாத. பக்கத்து வீட்டு நாய் பயந்துக்கப் போவுது."

துரு போகத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க அவன் சத்தம் குறைந்தது.

"மூணுன்னு நெனச்சேன். அஞ்சு. மே மாசம்."

"அஞ்சா இருந்தா இப்ப என்ன? யாரு குனிஞ்சு பாக்கப் போறா?"

"நடுவரா வர்ற மெர்ல் பாப்பான். டார்ச்சோட படுத்தே பாப்பான்." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. அன்று சாயங்காலம் மீட்லோஃப் இறைச்சியை முள்கரண்டியால் தட்டில் இங்குமங்கும் தள்ளிக்கொண்டிருந்துவிட்டு, பசியில்லை என்று எழுந்து போனான். மீட்லோஃப் வேண்டாம் என்று அவன் சொல்லி லவோன் கேட்டதே இல்லை. அவளால் தாங்க முடியவில்லை. பூவாவது ஒன்றாவது, மனுஷன் சாப்பிடட்டும் என்று சுரண்டியை எடுத்துக்கொண்டு கராஜ் சுவருக்குப் போனாள்.

முழு எண்ணையும் பார்த்துவிட்டு அவனைக் கூப்பிடலாம் என்று நினைத்தாள். தான் தடவியதைச் சுரண்டினாள். சில்லு பெயர்ந்த இடத்தின் ஓரத்தில், அடியில் இன்னொரு வெள்ளை தெரிந்தது. அது போன வருஷம் தபால் பெட்டிக் கம்பத்துக்கு அடித்தது. அதன் கீழே குளியலறையின் மஞ்சளோடிய வெள்ளை. அதற்கும் கீழே வேலிக்கு அடித்தது. இன்னும் கீழே லேசாக நீலமோடிய வெள்ளை. மகள் பிறந்தபோது தொட்டில் அறைக்கு வாங்கியது, அவளே கடையில் நின்று பொறுக்கிய நிறம். சக்கரத்தின் மற்ற இடமெல்லாம் ஒற்றைப் பூச்சு. எண்கள் இருந்த அந்தக் கட்டைவிரல் அகலத்தில் மட்டும் பெயிண்ட் பிஸ்கட் கனத்துக்கு ஏறியிருந்தது.

வீட்டில் பெயிண்ட் அடிப்பவன் வென்டல் ஒருவன்தான்.

அவன் எப்போதோ படித்துவிட்டான். மகள் பிறந்ததிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டு, பெயர்ந்தபோதெல்லாம் மிஞ்சிய பெயிண்டைத் தடவி மூடிவிட்டு, இதற்கு மாற்றாக ஒன்றைத் தேடி மழையிலும் வெயிலிலும் சந்தை சந்தையாக அலைந்திருக்கிறான். அதற்கும் அவள் அவனைத் திட்டியிருக்கிறாள். லவோன் சுரண்டியைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே புல்லில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து, வராந்தா வெள்ளையை எடுத்து வந்து, இந்த முறை ஓரமெல்லாம் ஒழுங்காகப் பூசினாள்.

மறுநாள் கண்காட்சியில், வென்டல் சொன்னபடியே மெர்ல் டார்ச்சோடு மல்லாந்து படுத்தான். வென்டலோடு பள்ளியில் படித்தவன் அவன்.

"டேய் வென்டல், இது மே மாசத்துப் புள்ளடா! வண்டி மார்ச்சுலயே வெளிய வந்துருச்சு. அதுவரைக்கும் மூணு காலுல நொண்டிக்கிட்டா இருந்துச்சு?"

"புள்ளிய கொறைச்சுட்டு எந்திரி. உன் தொப்பை சைலன்சர்ல இடிக்குது."

மெர்ல் சிரித்துக்கொண்டே அடுத்த வண்டிக்குப் போனான். கோப்பையும் அவனோடு போயிற்று. லவோன் வென்டலின் பக்கத்து மடக்கு நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"அடுத்த சந்தைக்கு நானும் வரேன்."

"நீயா? சக்கரம்னாலே எரிஞ்சு விழுவியே!"

"விழுவேன்தான். இருந்தாலும் வரேன். நாலாவதை ரெண்டு பேருமா தேடுவோம்."

வென்டல் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். கட்டைவிரல் நகக்கண்ணில் வெள்ளை பெயிண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஹாட் டாக் வாங்கிட்டு வரட்டா?" என்றான், எழுந்துகொண்டே.

"ரெண்டா வாங்கு," என்றாள் லவோன். "நீ நேத்து ராத்திரியும் சாப்பிடல."