செல்வமேரியின் இடது கண்

துர்காவுக்குக் கோபம் வந்தால் எதையாவது துடைப்பாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் மருந்துக்கடை மாடியில் சொந்தமாக டாட்டூ ஸ்டுடியோ திறந்த நாளிலிருந்து நாற்காலி, மேசை, கண்ணாடி எல்லாம் பளபளவென்று இருந்தன. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "நீங்க டாட்டூவா குத்தின முகம் ஏதாவது இருந்தா போட்டோ காட்டுங்க." அவளிடம் ஒன்றுகூட இல்லை. இப்படியே போனால் கடையை இழுத்து மூடிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

வேலை தெரியாதவளா என்ன? நாவலூரில் ஸ்ரீரங்கனின் ஸ்டுடியோவில் நாலு வருடம் மாடாக உழைத்தவள். அந்த மனுஷனுக்கு எழுத்தும் பட்டாம்பூச்சியும்தான் கைவரும். முகம் என்றால் உதறல். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். யார் முகம் கேட்டு வந்தாலும், "முதுகுலதான் சார் அழகா வரும்" என்று தேனொழுகப் பேசிக் குப்புறப் படுக்க வைப்பார். முதல் கோட்டை அவர் இழுப்பார். பிறகு சத்தம் போடாமல் மெஷினைத் துர்காவிடம் கொடுத்துவிட்டு, படுத்திருப்பவரின் தலைமாட்டில் நின்று ஊர்க்கதை பேசுவார். துர்கா மூச்சு விடக் கூடாது. வேலை முடிந்ததும் மெஷின் மறுபடி அவர் கைக்குப் போகும். போட்டோவில் அவர் சிரிப்பார். வெட்கம் கெட்ட பிழைப்பு.

"என் பேரையும் போடுங்க சார்" என்று துர்கா ஒருநாள் கேட்டாள். "சேர் துடைக்க வந்தவளுக்குப் பேரு வேணுமா?" என்று அன்றே வெளியே அனுப்பிவிட்டார்.

ஒருநாள் மருந்துக்கடை மாடிக்குப் படியேறி வந்தவரைப் பார்த்ததும் துர்காவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வில்பிரட், தாம்பரத்தில் ரயில்வே உத்தியோகம். இறந்துபோன மனைவி செல்வமேரியின் முகத்தை முதுகில் குத்தச் சொல்லி நாவலூருக்கு வந்தவர். முப்பது வருடம் ஸ்கூட்டரில் தனக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தவள், அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். துர்கா பாதி முகம் முடித்திருந்தாள். மீதிக்கு அவர் திரும்பி வருவதற்குள் அவள் வேலை போய்விட்டது.

கூட அவர் மகள் ஜான்சியும் வந்திருந்தாள். வில்பிரட் துர்காவை உற்றுப் பார்த்தார். "நீ அந்த ஸ்டுடியோவுல சேர் துடைக்கிற பொண்ணு தானேம்மா? உனக்கு டாட்டூ குத்தவும் தெரியுமா?"

துர்காவுக்கு உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. கையில் துணி வேறு இருந்தது. அதை மேசை மேல் வீசினாள். "இன்னா சார் வோணும்?"

"கீழ போர்டைப் பாத்து வந்தோம்மா. அங்க ரெண்டாவது தடவை போனப்போ கண்ணு சரியா வரல. கேட்டா, என் தோல்தான் சரியில்லைங்கிறார்."

"அது எங்கம்மாவே இல்லக்கா" என்றாள் ஜான்சி.

வில்பிரட் சட்டையைக் கழற்றித் திரும்பினார். வலது கண் துர்கா வைத்துவிட்டு வந்தபடியே உயிரோடு பார்த்தது. இடது கண்ணில் ஊசி ஆழமாக இறங்கி, மை தோலுக்குள் பரவி, யாரோ குத்துவிட்டது போலக் கறுத்துக் கிடந்தது. பாவி! தெரியாத வேலையை இந்த அம்மாவின் முகத்திலா செய்து பார்ப்பான்? புண் நன்றாக ஆறியிருந்தது. சரிசெய்ய வழி இருந்தது.

"படுங்க சார்."

"உன்னால முடியுமாம்மா?"

"முடியலன்னா நானே சொல்லிடுவேன். படுங்க."

துர்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊசி தொடுமுன் இடது உள்ளங்கையை முதுகில் வைத்து, படுத்திருப்பவர் மூச்சை வெளியே விடும்வரை காத்திருப்பாள். அப்போது ஊசி இறங்கினால் உடம்பு துள்ளாது. வில்பிரட்டின் முதுகில் கையை வைத்தாள். அவர் மூச்சை விட்டதும் முதல் கோட்டை இழுத்தாள்.

"நிறுத்தும்மா" என்றார் அவர், முகத்தைத் தூக்காமலே. "மொதல் நாள் இந்தக் கைதான். வச்சுட்டுக் காத்திருந்துதான் குத்துச்சு. ரெண்டாவது தடவை எடுத்த எடுப்புல குத்தினாரு. ஏதோ அவசரம்போலன்னு நெனச்சேன்... நீயா?"

நாலு வருடம் வாய்க்குள்ளேயே கிடந்தது வெளியே வந்தது. "நான்தான் சார்! அந்தாளு உங்க தலமாட்டுல நின்னுகினு கத பேசிகினு இருந்தாரு, நான் வாய மூடிகினு குத்திகினு இருந்தேன். போட்டோவுக்கு மட்டும் அவரு!"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பீங்களா? இப்போ படியேறி வந்ததும் என்னைப் பாத்து இன்னா கேட்டீங்க?"

வில்பிரட் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். "அந்தாளுக்கு இப்பவே போன் போட்டு..."

"அசையாதீங்க. அவர அப்பறம் பாத்துக்கலாம். அம்மா கண்ணு பாதியில நிக்குது."

கறுத்த இடத்தை இமை நிழலாக மாற்றினாள். ஓரத்தில் இமை ரோமங்களைச் சேர்த்தாள். கடைசியாகக் கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தாள். ஜான்சி குனிந்து பார்த்துவிட்டு அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது அவள் அம்மாதான்.

அழுது முடித்துப் போனை எடுத்தாள். "அக்கா, மெஷினைக் கையில வச்சுக்கிட்டு அப்பா பின்னாடி நில்லுங்க. உங்க பேரைப் போட்டுத்தான் நெட்டுல போடப் போறேன். கொஞ்சம் சிரிங்க."

"மாட்டேன். எனக்கு இன்னும் கோவம் அடங்கல. இப்டியே எடு."

ஜான்சி அப்படியே எடுத்தாள். துர்காவின் கடைச் சுவரில் முதலில் ஏறிய படம் அதுதான்; மெஷின் அவள் கையில் இருக்கிறது, முகம் கடுகடுவென்று இருக்கிறது.