பச்சைக் கதவு

எங்கள் தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சு. என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்த அசதியில் இரண்டு முறை பக்கத்து வீட்டுக்குள் போய், செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். போருக்குக் கூப்பிட்டபோது எங்கள் கதவுக்குப் பச்சை அடித்துவிட்டுத்தான் கிளம்பினார். "இதைப் பாத்துத்தான் வருவேன். மாத்திடாதே" என்றார்.

குளிர்காலத்தில் கேஸும் நின்றது, கரன்டும் நின்றது. பேக்கரி அண்ணன் பழைய விறகு அடுப்பைத் திறந்தார். தெருவுக்கே ரொட்டி அங்கேதான். விறகு தீர்ந்ததும் நாற்காலிகள் போயின, கட்டில்கள் போயின, பிறகு கதவுகள். வாசலுக்கு வாசல் நான் தைத்துக் கொடுத்த திரைதான் ஆடியது. தெருவே கனவு மாதிரி ஆகிவிட்டது. கோடி வீட்டுத் தாலாட்டு என் தையல் மெஷின் வரைக்கும் வரும். ரொட்டி வாசனை யாரையும் கேட்காமல் அறை அறையாகப் போகும்.

என் கதவு மட்டும் நின்றது. யாரும் கேட்கவில்லை, அதுதான் எரிச்சல். 'ஊரோடு ஒத்து வாழ்' என்று யாராவது முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன்.

ஒருநாள் பேக்கரியில் அடுப்பு ஆறிக் கிடந்தது. எதிர்வீட்டு அக்கா, அழும் பிள்ளைக்குத் தன் விரலைச் சப்பக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

"என் கதவைக் கழட்டிக்குங்கண்ணே."

"உன் வீட்டுக்காரர் வந்தா?"

"வாயுள்ள பிள்ளைதானே, கேட்டுக்கிட்டு வரட்டும்." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

அண்ணன் அடுப்புச் சாம்பலை வாரத் தொடங்கினார். "பெயின்ட்டோட எரிச்சா ரொட்டி நாறும்மா. சுரண்டிக் குடு" என்றார்.

நானே சுரண்டினேன். நகக்கண்ணெல்லாம் பச்சை.

மறுநாள் மதியம் தைத்துக்கொண்டிருந்தபோது திரையை விலக்கிக்கொண்டு ராணுவ உடுப்பில் ஓர் ஆள் உள்ளே வந்தான். மெஷினை விட்டு எழுந்துவிட்டேன். அவர் இல்லை. எங்கள் தெருப் பிள்ளைகூட இல்லை. பூட்ஸைக் கழற்றி மூலையில் வைத்தான். "அம்மா எங்க?" என்றான். பதிலுக்குக் காத்திராமல் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனான்.

"வீடு மாறி வந்துட்டேப்பா" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. போர்த்திவிட்டு, என் பங்கு ரொட்டியை அவன் பக்கத்தில் வைத்தேன்.

எந்த ஊரிலோ, யார் வீட்டிலோ அவரும் இந்நேரம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். அந்த வீட்டுக்காரி அவரை எழுப்பாமல் இருக்க வேண்டும்.