அடுப்பில் காய்ந்த மண்

பான் குவாங்சுவின் வீட்டுச் சுவரில் அந்தத் தாளைக் கண்டதும் லுவோ மின்லான் மண்வெட்டியோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். பல்கலைக்கழக மண் ஆய்வாளராக அவளே கையெழுத்துப் போட்ட தாள். ‘ஏழாம் எண் வயல். மண்ணில் பாதரசம் வரம்புக்குள். நெல் பயிரிடலாம்.’ சமையல் புகை படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, புத்தாண்டுக்கு ஒட்டிய சிவப்புத் தாள்களுக்கு நடுவில் ஒட்டியிருந்தார்கள்.

“பசை போட்டு ஒட்டினது என் மருமக. நான் ஆணியே அடிக்கணும்னேன்,” என்றார் பான் பெருமையாக. “உக்காருங்க டீச்சரம்மா. மண்வெட்டியைத் தூக்கி மூலையில போடுங்க. இன்னிக்குப் புது அரிசிச் சோறு. மண்ணு எங்கயும் ஓடிடாது.”

மண் ஓடாது. ஓடியது வேறு. அதைச் சொல்லத்தான் அவளுக்கு வாய் வரவில்லை.

அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் மலையைக் குடைந்து சிவப்புக் கல் எடுத்தார்கள். சூளையில் சுட்டுப் பாதரசம் பிரித்தார்கள். பான் பதினெட்டு வருஷம் சூளையடியில் நின்றவர். சுரங்கம் மூடிவிட்டது, கழிவு மட்டும் ஓடையோடு இறங்கி வயல்களில் குடியேறிவிட்டது. தண்ணீர் கட்டிய வயலில் அந்தப் பாதரசம் இன்னும் கொடிய வடிவமெடுத்து நெல்மணிக்குள் ஏறும். தாய் சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வரைக்கும் போகும். மக்காச்சோளத்தில் அந்த வம்பு குறைவு. ஆகையால் பான் நாலு வருஷம் நெல்லைக் கைவிட்டுச் சோளம் போட்டார். இதையெல்லாம் பன்றிக்குத்தான் போட வேண்டும் என்று திட்டிக்கொண்டே சாப்பிட்டார்.

சென்ற ஆண்டு மார்ச்சில் மின்லான் வந்து மண்ணெடுத்துப் போனாள். பாதரசம் பார்க்கிற மண்ணை நிழலில், காற்றாடக் காயப்போட வேண்டும். முதல் வருஷ மாணவனுக்கும் தெரிந்த பாடம் அது. ஆனால் அந்த மாநிலத்தில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயில் அடித்ததாகச் சரித்திரமே கிடையாது. இரண்டு வாரமாகியும் மண் பிசுபிசுத்தது. மண் ஆய்வுத் திட்டத்தை மதிப்பிட மேலிடத்து ஆட்கள் வரும் நாளோ நெருங்கியது. ‘கொஞ்சம்தானே போகும்’ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, தட்டுகளை உலர்த்தும் அடுப்புக்குள் தள்ளி, நூற்றைந்து பாகையில் வைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். சூடு பட்டால் பாதரசம் நிற்குமா? ஆவியாகிக் காற்றோடு போயிற்று. மிச்சமிருந்ததை அளந்து ‘வரம்புக்குள்’ என்று எழுதினாள். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். இவள் அவசரத்துக்கு அடுப்பு வசதியாகத் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

போன வாரம் அலமாரியை ஒழித்தபோது, அதே ஏழாம் எண் வயலின் மண் ஒரு காகிதப் பையில் அகப்பட்டது. அடுப்புக்குள் இடம் போதாமல் மிஞ்சியது. ஒன்றரை வருஷமாகத் தன் பாட்டுக்குக் காய்ந்திருந்தது. கருவியில் வைத்துப் பார்த்தாள். வரம்பைப் போல நான்கு மடங்கு. மறுபடி வைத்தாள். மூன்றாம் முறையும் வைத்தாள். எண் இரங்கவில்லை.

“அழுது என்ன ஆகப்போவுது மின்லான்?” என்றார் அவளுடைய பேராசிரியர் சியாவ். “போய்ப் புதுசா மண்ணெடு. வெள்ளத்துல கழிவு அடிச்சுக்கிட்டு வந்துச்சு, இந்த வருஷம் அளவு கூடிப்போச்சுன்னு எழுதிடலாம். அடுப்பு விஷயம் நமக்குள்ளயே கெடக்கட்டும்.”

அவளும் தலையாட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். அந்தச் சோற்றை யார் சாப்பிடுகிறார்கள் என்ற நினைப்புத்தான் வழியெல்லாம் அவளை அரித்தது.

பானின் மருமகள் யின்ஹுவா சோற்றுப் பானையோடு வந்தாள். மின்லான் நிமிர்ந்து பார்த்தாள். பார்வை அவள் வயிற்றிலேயே நின்றுவிட்டது.

“எத்தனை மாசம்?”

“ஆறு முடியப்போவுது டீச்சர். உள்ள ஒரே உதை. மாமனாரு மாதிரியே, ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குது.”

“அரிசிச் சோறு இறங்குதில்ல, அந்தத் தெம்பு!” என்றார் பான். “போன வருஷ அறுவடைலேர்ந்து வெளி அரிசி ஒரு மணி இந்த வீட்டுக்குள்ள வரலை. எல்லாம் நம்ம ஏழாம் நம்பருதான்.”

ஆறு மாதம். மூன்று வேளை. மின்லான் கணக்குப் போட வேண்டாம் என்று நினைத்தாள், மனம் போட்டுவிட்டது.

மேசையில் புளிக்கவைத்த மீன், புகைபோட்ட பன்றியிறைச்சி, மிளகாய் எல்லாம் வந்தன. முதல் கவளத்தைப் பான் வாசலிலிருந்த நாய்க்கு வைத்தார். ஆதியில் நெல்விதையை வாலில் ஒட்டிக்கொண்டு வந்து மனிதனுக்குக் கொடுத்தது நாய் என்பது அவர்கள் நம்பிக்கை. நாய் இரண்டே வாயில் முடித்துவிட்டு இன்னும் கேட்டது.

“ரெண்டாவது கிண்ணம் வழக்கமா வீட்டுப் பெரியவனுக்கு. இன்னிக்கு உங்களுக்கு,” என்று பான் கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினார். “நெல்லைக் கொண்டுவந்தது நாய். நெலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது நீங்க. வரிசைல நாய்க்கு அப்புறம் வெச்சுட்டேன்னு கோச்சுக்காதீங்க!”

யின்ஹுவா சிரித்தாள். விருந்தாளி முதல் வாய் வைத்தால்தான் மற்றவர்கள் சாப்பிடலாம். அவள் தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, பசியோடு, மின்லானின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு வாய் தின்றுவிட்டு, மண்ணெடுத்துக்கொண்டு, வந்த வழியே போய்விடலாம். சோறு நல்ல மணமாக இருந்தது.

மின்லான் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

“சாப்பிடாதே யின்ஹுவா. அந்தக் கிண்ணத்தைக் கீழ வை.”

“என்ன டீச்சர், பூச்சி கெடக்கா?”

“அந்தத் தாள் தப்பு. நான்தான் தப்பாக்கினேன். மண்ணை அடுப்புல வெச்சு உலர்த்திட்டேன்.”

யின்ஹுவாவுக்குப் புரியவில்லை. பானுக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை; போக வழி தெரியாததுபோல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

“அடுப்புலயா?” என்றார். “சூடு காட்டினா அது பொகையா ஓடிடும்னு எங்க ஊர்ல பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியுமே. அதை வெச்சுத்தானே பொழைச்சோம். படிச்ச உங்களுக்குத் தெரியலையா?”

“தெரியும் மாமா,” என்றாள் மின்லான். “நடவுக்குள்ள உங்களுக்கு முடிவு சொல்லணுமேன்னு…” பாதியில் நிறுத்திக்கொண்டாள். இன்னொரு பொய் சொல்ல அவளுக்கே அருவருப்பாக இருந்தது. “இல்ல. உங்களுக்காக இல்ல. மேலேர்ந்து ஆளுங்க வர்ற நாளுக்குள்ள எனக்கு எண் வேண்டியிருந்துச்சு.”

“காத்துல காய்ஞ்சிருந்தா எத்தனை நாள் ஆகியிருக்கும்?”

“இன்னும் மூணு வாரம்.”

“நாலு வருஷம் காத்திருந்தவன் டீச்சரம்மா நான்,” என்றார் பான். “மூணு வாரம் இருக்க மாட்டேனா?”

அவர் சத்தம் போட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவர் எழுந்து ஒவ்வொரு கிண்ணமாகச் சோற்றைப் பானையில் திருப்பிக் கொட்டினார். பிறகு சுவரிலிருந்த தாளைப் பிய்த்து அவள் முன்னால் வைத்தார்.

“எழுதுங்க. அடுப்புன்னே எழுதுங்க. மழை, காத்து, வெள்ளம்னு நாளைக்கு யாரும் வந்து கதை விடக்கூடாது. இந்த ஊர்ல இன்னும் பத்து வீட்டுச் சுவத்துல உங்க கையெழுத்து தொங்குது. எல்லா வீட்லயும் இப்பச் சோறு கொதிக்குது.”

அவள் எழுதினாள். ‘இது தவறு. மண்ணை அடுப்பில் உலர்த்தியவள் நான். இந்த வயல் அரிசியை உண்ண வேண்டாம்.’ பெயரையும் தேதியையும் போட்டாள். சியாவின் முகம் ஒரு கணம் வந்து போனது. போகட்டும்.

யின்ஹுவா இரண்டு கையையும் வயிற்றின்மேல் வைத்திருந்தாள்.

“இதுக்கு ஏதாச்சும் ஆயிருக்குமா?”

“தெரியல,” என்றாள் மின்லான். அதுவே அவளிடமிருந்த உண்மை. “இன்னியிலேர்ந்து வேற அரிசி சாப்பிடு. நாளைக்கே நான் உன்னை நகரத்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். உன் முடி கொஞ்சம் வேணும். மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளருதில்ல, எந்த மாசம் எவ்வளவு உள்ள போச்சுன்னு அதுல தெரியும்.”

யின்ஹுவா உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தாள். கொண்டையை அவிழ்த்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கறுத்து அடர்ந்த முடி. பிடரியருகே ஒரு கொத்தைப் பிடித்து, தோலை ஒட்டி மின்லான் வெட்டினாள். வேர்ப்பக்கம் நூலால் கட்டி, காகிதத்தில் மடித்து, பெயரெழுதிப் பைக்குள் வைத்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பான் தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குப் போக வாசலில் நின்றார். அவளும் எழுந்தாள்.

“டீச்சர்,” என்றாள் யின்ஹுவா, திரும்பிப் பார்க்காமலேயே.

“சொல்லும்மா.”

“இதையாவது அடுப்புல வெச்சுடாதீங்க.”