முப்பத்தேழு பேர் நேரில் பார்த்தது

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதைகளும் அப்படித்தான் பிறக்கின்றன என்று சொல்லித் தப்பிக்கலாம். மொழிபெயர்ப்பு நாவல்களின் முன்னுரைகளில் அப்படித்தான் தப்பிக்கிறார்கள். ஆனால் என் பொய்க்கு ஒரு தேதி இருக்கிறது. மேலே என் பெயரும் சிரித்த முகமும் இருக்கின்றன.

வேலை தேடுகிறவர்களும் வேலை தருகிறவர்களும் நாள் முழுக்க ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்ளும் ஓர் இணையதளம் உண்டு. அதில் 'பரிந்துரை' என்று ஒரு பெட்டி. என் தோழி அம்சவேணிக்காக அந்தப் பெட்டிக்குள் நூற்றெண்பது சொற்கள் எழுதினேன். நான் எழுதி, பிறர் படித்த முதல் புனைவு அதுதான். இதுவரை எந்தச் சிறுபத்திரிகையும் என்னை நம்பியதில்லை. அந்தப் பெட்டி உடனே நம்பியது.

2

தொடக்கம் மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "கொல்லிமலையில் அன்று பனி பெய்துகொண்டிருந்தது." பெய்யவில்லை. இங்கே பனி பெய்யாது; வந்து உட்காரும். துவைத்த துணி மூன்று நாள் காயாது. அதை வைத்து ஒரு காதல் தோல்வியைக்கூட எழுத முடியாது.

இரண்டாவது: "அம்சவேணி சன்னலருகே நின்று, தொலைவில் மறையும் ரயிலைப்..." [கைவிடுகிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேல் ரயிலை எப்படி ஏற்றுவது?]

மூன்றாவது: "செம்மேட்டில் ஜெராக்ஸும் எடுத்து, ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுத் தரும் ஒரு கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான், பெயர் கோகிலவாணி." இதில் அழகு இல்லை. ஆனால் உண்மை. வைத்துக்கொள்கிறேன்.

3

அந்தத் தளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், வாசகரே. அங்கே யாருக்கும் வேலை போவதில்லை; 'புதிய அத்தியாயம்' தொடங்குகிறது. யாரும் சும்மா பஸ்ஸுக்கு நிற்பதில்லை. நின்ற நேரத்தில் தலைமைப் பண்பைப் பற்றி ஏழு பாடங்கள் கற்றுக்கொள்கிறார்கள். நாமக்கல்லில் கோழித்தீவனம் விற்கும் ரமேஷ்குமார் என்ற என் வகுப்புத் தோழன் அங்கே 'தொலைநோக்காளர்'. அவன் தொலைநோக்கி ஒன்றைத் தொட்டுப் பார்த்ததாகக்கூட எனக்குத் தகவல் இல்லை. நானும் 'ஆவண உருமாற்ற வல்லுநர்' என்று போட்டிருக்கிறேன். ஜெராக்ஸ்.

அம்சவேணி மட்டும் அதைப் படிக்கிற இடம் என்று நினைத்துவிட்டாள். திண்ணனூர் நாட்டில் (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) அவள் ஊரில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல். அங்கே உட்கார்ந்து, விளைபொருளைச் சேமிப்பது, தரம் பிரிப்பது, அனுப்புவது என்று பதினோரு இலவசப் பாடங்களை முடித்தாள். பாடம் முடிந்ததும் வரும் சான்றிதழை எல்லோரும் மாலை போட்டுக் கொண்டாடுவார்கள். இவள் பாடத்தில் புரியாததை, அங்கே படிப்பவர்களின் குழுவில் கேள்வியாகப் போடுவாள். அந்தத் தளத்தில் கேள்வி கேட்பவர்களைப் பார்ப்பது அரிது; எல்லோரிடமும் பதில்தான் இருக்கும்.

ஊரின் மிளகு விவசாயிகள் சங்கத்தில் குடோன் பொறுப்பு அவளுக்கு. கைக்கு வருவது போன் ரீசார்ஜுக்கும் பஸ்ஸுக்கும் சரியாக இருக்கும். அண்ணன் சந்தோஷ்குமார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவளுக்குப் பேக்கிங் வேலை சொல்லி வைத்துவிட்டான். வரும் திங்கள் காலை பஸ் ஏற வேண்டும். அதற்குள் கோயம்புத்தூரில் மிளகும் சிறுதானியமும் வாங்கி விற்கும் ஒரு நிறுவனம் 'மலைப்பகுதிக் கொள்முதல் ஒருங்கிணைப்பாளர்' வேண்டும் என்று தளத்தில் போட்டது. மலையிலேயே வேலை. அவளுக்காகவே எழுதியது போன்ற வேலை. ஒரே நிபந்தனை: அனுபவத்தை நேரில் கண்ட ஒருவரின் பரிந்துரை.

"ரெண்டு வரி எழுதிக் குடுடி. நெசத்தை எழுது, போதும்" என்றாள்.

எழுத்தாளரிடம் யாரும் கேட்கக் கூடாத உதவி அது.

4

நிஜம் இதுதான். போன மாசியில், மிளகு அறுத்துக் களத்தில் காய்ந்துகொண்டிருந்தபோது, பருவம் தப்பி மழை கொட்டியது. மலைப்பாதையில் மண் சரிந்து பதினொரு நாள் லாரி வரவில்லை. அரைகுறையாகக் காய்ந்த மிளகு குடோனில் கிடந்து, மூட்டைகளில் பாதி பூசணம் பிடித்தது. அவ்வளவுதான். பூசணத்தில் என்ன வீரம் இருக்கிறது?

நான் எழுதியதன் உச்சம் இது: "பாதை மூடிய பெருமழையில், அம்சவேணி தன் தோளில் மூட்டை சுமந்து, நாற்பது விவசாயிகளை முன்னின்று நடத்தி, காட்டு ஒற்றையடிப் பாதையில் மலையடிவாரப் புளியஞ்சோலைக்கு இறங்கினார். ஒரு மணி மிளகு நனையவில்லை. நான் அன்று உடன் இருந்தேன்."

[அன்று நான் கடையில் இருந்தேன். மின்சாரம் இல்லாததால் ஒரு மொழிபெயர்ப்பு நாவலை முடித்தேன். அதில் பனியில் ஒரு படையே பின்வாங்கியது. அதன் பாதிப்பு இருக்கலாம்.]

5

இதோடு நின்றிருந்தால் இது ஒரு சாதாரண மோசடி. கதையாகியிருக்காது.

பெருமைக்கு நான் அச்செடுத்துக் கொடுத்த என் பரிந்துரையைச் சங்கத் தலைவர் அண்ணாமலை கூட்டத்தில் வாசித்தார். எங்கள் பக்கத்தில் ஒருவருக்காக ஊர்முன் நின்று பேசும்போது ஒரு முறை உண்டு. முதலில் பேசுபவர் என்ன சொல்கிறாரோ, ஒப்புக்கொள்கிறவர் அதையே சொல் மாறாமல் திரும்பச் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் அவருக்கு மனம் இல்லை என்று அர்த்தம்.

மறுநாள் காலை கடை வாசலில் வரிசை. கையில் போன், முகத்தில் கடமை.

"ஏனுங் கண்ணு, நம்ம அம்சாவுக்கு நானும் எழுதோணும். கணக்குத் தொறந்து குடு" என்றார் வரிசையில் முதலில் நின்ற மிளகு விவசாயி சின்னுசாமி.

"என்னங்க எழுதணும்?"

"நீ எழுதுனதையேதான்."

"அப்படியே எழுதக் கூடாதுங்க. உங்க வார்த்தையில கொஞ்சம் மாத்தி..."

"மாத்தறதா? மாத்துனா அந்தப் புள்ளைய எனக்கு ஆகலைன்னு ஆயிராதா? போடு சாமி, ஒரு எழுத்து மாறக் கூடாது."

முப்பத்தேழு கணக்குகள். முப்பத்தேழு முறை "நான் அன்று உடன் இருந்தேன்." எல்லாவற்றையும் திறந்து கொடுத்தவள் நான். ஒரு படைப்பு இத்தனை பேரால் இவ்வளவு விசுவாசமாகப் படியெடுக்கப்படும்போது எந்த எழுத்தாளர் தடுப்பார்? உச்சி குளிர்ந்துபோனது.

வாரக்கடைசிக்குள் அவர்களுக்கு நினைவும் வர ஆரம்பித்தது. மிளகுக்காரர் அத்தாயி முழங்காலைக் காட்டினார்.

"இந்தத் தழும்பு அன்னிக்கு எறங்கறப்ப வழுக்கி உழுந்ததுதானுங்க."

"அக்கா, அது நீங்க வண்டியில இருந்து விழுந்தது. இன்சூரன்ஸுக்கு நான்தான போட்டோ ஸ்கேன் பண்ணேன்?"

"அப்படியா? ஆனா மழையும் பேஞ்சுது, கண்ணு. அது நல்லா நெனப்பிருக்குது."

6

இங்கே வில்லி வர வேண்டும். கோயம்புத்தூர் நிறுவனத்தின் மெர்சி மேடத்தை அதற்குத் தயார் செய்து வைத்திருந்தேன்: குளிர்ந்த குரல், கறுப்பு மேசை, பின்னால் நகரத்தின் கண்ணாடிக் கட்டடங்கள். போன் எடுத்ததும் "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டுப் பாத்திரத்தைக் கெடுத்துவிட்டார்.

"முப்பத்தெட்டு பரிந்துரை வந்திருக்கு. எல்லாத்துலயும் ஒரே வார்த்தை. எங்க ஆபீஸ்ல இதைப் போலிக் கணக்குன்னு சொல்றாங்க."

"எல்லாரும் நிஜமான ஆளுங்க மேடம்."

"ஆளுங்க இருக்கட்டும். விஷயம்? முதல்ல எழுதினது நீங்க, அதனால உங்ககிட்ட மட்டும் கேக்கறேன். நீங்க பார்த்தீங்களா? பார்த்தேன்னா, வியாழக்கிழமை நானே வந்து அந்தப் பாதையில நடந்து பார்க்கறேன். இப்படி ஒருத்தர்தான் எங்களுக்கு வேணும். பார்க்கலைன்னா விண்ணப்பத்தை மூடிடுவேன். எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க. புதன் சாயங்காலத்துக்குள்ள."

இன்று புதன். மணி மூன்று.

7

முடிவுகள் சில கைவசம் உள்ளன.

அ) "ஆம், பார்த்தேன்" என்று எழுதுகிறேன். வியாழனன்று மெர்சி மேடம் வருகிறார். முப்பத்தேழு பேரும் தலைக்கு ஒரு மூட்டையோடு புளியஞ்சோலைக்கு இறங்கிக் காட்டுகிறார்கள். அத்தாயி சரியான இடத்தில் வழுக்கி விழுகிறார். வேலை கிடைத்துவிடுகிறது. மிச்ச வாழ்நாள் முழுக்க அம்சவேணி செய்யாத ஒன்றுக்காகச் சம்பளம் வாங்குகிறாள். [தளத்தில் இது புதிதல்ல.]

ஆ) "இல்லை" என்று எழுதுகிறேன். திங்கள் காலை பஸ். 'புதிய அத்தியாயம்.'

இ) அம்சவேணி சன்னலருகே... [இல்லை. ரயில் இல்லை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.]

8

மூன்றே காலுக்குக் கதாநாயகியே கடைக்கு வந்துவிட்டாள். கதைகளில் இது நடக்கக் கூடாது. அதுவரை பரிந்துரையை அவள் படித்திருக்கவில்லை. வேலை தருபவர் மட்டும் பார்க்கும்படி போட்டிருந்தேன். சங்கத்தில் வாசித்த நாளில் அவள் நாமக்கல்லுக்கு மிளகு சாம்பிள் கொடுக்கப் போயிருந்தாள். வரிசையில் நின்றவர்களும் என்ன எழுதினோம் என்று அவளிடம் சொல்லவில்லை. என் திரையில் படித்தாள். இரண்டு முறை.

"ஏண்டி, இதுல வர்ற பொம்பளை யாரு?"

"நீதான்."

"நா மூட்டை தூக்கிப் பாத்திருக்கறயா? எனக்கு முதுகுவலின்னு ஊருக்கே தெரியும்."

"அது வந்து... இலக்கியம் அம்சா."

"இலக்கியத்தை உன்ற பேருல போட்டுக்க. பதினோரு நாள் நா அந்தக் குடோனுக்குள்ள என்ன பண்ணுனேன்னு ஒரு வரி இல்ல. நா இதுல எங்கயுமே இல்லையேடி."

"நீ பூசணத்தைப் பிரிச்ச. அதை எப்படி..."

"அதைத்தான் எழுதச் சொன்னேன்!"

கதாபாத்திரங்களுக்கு ஆசிரியர்மேல் கோபம் வரும் கதைகளைப் படித்து ரசித்திருக்கிறேன். எதிரே நின்று கத்தும்போது அவ்வளவு ரசமாக இல்லை. அவள் அழவில்லை என்பது இன்னும் மோசம்.

பிறகு உட்கார்ந்தாள். "சொல்றன், டைப் பண்ணு" என்றாள்.

மழையின் மூன்றாம் நாள் மிளகில் ஈர வாடை மாறியதைக் கவனித்தாளாம். அந்தத் தளத்தின் குழுவில் கேள்வி போட்டிருக்கிறாள். வயநாட்டில் ஒரு கிடங்கில் வேலை செய்யும், இவள் வயதேயான ஒரு பெண் பதில் போட்டிருக்கிறாள்: ஒவ்வொரு மூட்டையிலும் மேலே, நடுவே, அடியே என்று மூன்று இடத்தில் கை விட்டு எடு, முகர்ந்து பார், கடித்து உடைத்து உள்ளே பார், சந்தேகம் இருந்தால் தள்ளி வை, கலக்காதே. பாதை திறக்கும்வரை தினமும் தண்ணீர்த் தொட்டிக்கும் குடோனுக்கும் நடந்து, போட்டோ அனுப்பி, பதில் வாங்கியிருக்கிறாள். [இத்தனை பக்கம் அந்தத் தளத்தைக் கிண்டல் செய்துவிட்டு இதை எழுத வேண்டியிருக்கிறது. அந்த வயநாட்டுப் பெண்ணின் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன். பட்டம் ஒன்றும் போடவில்லை. 'கிடங்கு' என்று மட்டும் போட்டிருக்கிறாள்.]

எண்பது மூட்டையில் நாற்பத்திரண்டைத் தள்ளி வைத்தாள். அப்போதுதான் சின்னுசாமி குடோனுக்கு வந்தார்.

"'நல்லதோட கலந்துவுட்ரு சாமி, யாருக்குத் தெரியப் போவுது'ன்னாரு. எனக்குத் தெரியுமுங்கன்னேன். மூணு மாசம் என்றகூடப் பேசல. ஊருல பாதிப் பேரு பேசல."

பேசாதிருந்தவர்கள்தான் வரிசையில் நின்றார்கள். கேட்டாலும் விளக்கம் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல் மாறாமல் ஒப்புவித்ததுதான் அவர்கள் கேட்ட மன்னிப்பு. அதைக்கூடவா ஒரு பொய்யின் மேல் ஏற்றிவிட்டேன்!

சின்னுசாமிக்குப் போன் போட்டேன். இதை எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுது கண்ணு. அவ பொழச்சாச் சரி. என்ற பேரை மட்டும் மாத்திரு."

மாற்றிவிட்டேன். அவர் பெயர் சின்னுசாமி இல்லை.

9

மணி நாலரை. வாசகரே, உங்களை இதுவரை பெயர் சொல்லி அழைக்கவில்லை. வணக்கம், மெர்சி மேடம்.

நீங்கள் கேட்டது ஒரு வரி. ஒரு வரியில் எனக்குப் பொய்தான் எழுத வருகிறது என்பதால் இவ்வளவு நீண்டுவிட்டது. வில்லியாக்க முயன்றதற்கு மன்னியுங்கள்.

எழுத்தில் தருகிறேன்: நான் பார்க்கவில்லை. அந்த நடை நடக்கவே இல்லை. முப்பத்தேழு பேரும் போலி அல்ல. அவர்கள் சொன்னதில் அம்சவேணி நல்லவள் என்பதைத் தவிர மற்றது எதுவும் நடக்கவில்லை. பொய் என்னுடையது, அவளுக்கு அது இன்று மூன்றே கால் மணிவரை தெரியாது.

இதை அனுப்பும் முன் அவளிடம் படித்துக் காட்டினேன். அனுப்பினால் திங்கள் பஸ்தான் என்பது இருவருக்கும் தெரியும். "கடைசியில ஏதாச்சும் சேக்கோணுமா?" என்று கேட்டேன். யோசித்தாள். "குடோன்ல தள்ளி வெச்ச மூட்டையில ஒண்ணை மாதிரிக்குன்னு இன்னும் வெச்சிருக்கறன்னு சொல்லு" என்றாள்.

ஆகவே முடிவை எழுதாமல் நிறுத்துகிறேன். விண்ணப்பத்தை மூடும் பொத்தான் உங்களிடம் இருக்கிறது; நியாயமான பொத்தான்தான். ஆனால் வியாழன் இன்னும் வரவில்லை. நடந்து பார்க்கப் பாதை இல்லை என்றாலும் பஸ் உண்டு. குடோனில் நல்லதில் ஒன்றும் தள்ளி வைத்ததில் ஒன்றுமாக இரண்டு மூட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், வெளியே எதுவும் எழுதியிருக்காது. கண்ணை மூடிக்கொண்டு எதில் வேண்டுமானாலும் ஒரு பிடி எடுத்து அவள் கையில் கொடுங்கள்.

அவள் கடித்துப் பார்த்துச் சொல்வாள். அதற்கு அடுத்த வரி உங்களுடையது.