இரண்டாவது தட்டு

கிருபாவதி வீட்டில் ஜெபக்கூட்டம் என்றால் மட்டும் சபையில் ஒருவருக்கும் பசிக்காது.

லெந்து காலத்தில் அந்த மெதடிஸ்ட் சபையார் மாலை வேளைகளில் ஒவ்வொரு வீடாகக் கூடி ஜெபிப்பார்கள். ஈஸ்டர் வரைக்கும் ஆண்டவருடைய பாடுகளை நினைத்து வாயைக் கட்ட வேண்டிய நாட்கள்தான். ஆனாலும் ஆமென் சொன்ன கையோடு வீட்டுக்காரர்கள் தட்டை நீட்டுவார்கள், வந்தவர்களும் வாங்கிக்கொள்வார்கள். போன வருஷம் போளூர் ரோட்டில் ஜோதியம்மாள் வீட்டில் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். பொருளாளர் வீட்டில் மெதுவடை, கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அடுத்த நாள் கிருபாவதி தாராளமாக நெய் ஊற்றிக் கேசரி கிண்டி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது, தட்டைக் கொண்டுவந்தாள். "ஐயோ, இன்னிக்கு உபவாசம்மா" என்றார் ஒருவர். அவ்வளவுதான். அந்த உபவாசம் காய்ச்சல் மாதிரி வரிசையாகத் தொற்றிக்கொண்டு போனது. கேசரி முழுவதையும் மறுநாள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் கொடுத்துத் தீர்த்தாள்.

இது ஒன்றும் புதுசு இல்லை. அவள் அடி அண்ணாமலை காலனியில் குடியிருந்த காலத்தில் சாக்கு வேறாக இருந்தது. பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம், ரோட்டை அடைச்சிட்டாங்க, பஸ்ஸைப் பிடிக்கணும் என்று செருப்பைத் தேடுவார்கள். தூரம்தான் காரணம் என்று அவளும் வெள்ளந்தியாக நம்பினாள். பிறகு நர்ஸ் வேலையை வைத்து லோன் போட்டு வேங்கிக்காலில் வீடு கட்டினாள். ஆட்டோ வாசலிலேயே வந்து நிற்கும். தூரம் தீர்ந்தது, உபவாசம் வந்துவிட்டது. மூன்று தலைமுறையாக ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிற ஜனம் அது. சில குடும்பங்கள் ஊர்த்தெருவிலிருந்து வந்தவை, சில குடும்பங்கள் காலனியிலிருந்து வந்தவை. மனப்பாட வசனத்தைக் கேட்டால் தலையைச் சொறிவார்கள். யார் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பதை மட்டும் ஒருத்தரும் மறக்கவில்லை.

அவள் புருஷன் பிரசாத்துக்குச் சண்டை என்றாலே ஆகாது. பஸ் டிப்போவில் மெக்கானிக், எதையும் தட்டி ஒட்டி ஓட்டிவிடலாம் என்று நினைக்கிற ஆள். அவன் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். அடுத்த தடவை தங்கள் வீட்டில் நடந்த கூட்டத்துக்குக் கடையிலிருந்து தண்ணீர் பாட்டிலும் கப் ஐஸ்கிரீமும் வாங்கிவந்து அடுக்கினான். வந்தவர்கள் எல்லாரும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார்கள். சீல் உடையாமல் வந்தால் ஐஸ்கிரீம்கூட உபவாசத்தைக் கெடுக்காது போலிருக்கிறது.

"பாத்தியா, வாங்கிக்கிட்டாங்க இல்ல?" என்று அவன் சந்தோஷப்பட்டபோது கிருபாவதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அவங்க வாங்கினது கடைக்காரன் கையால. நம்ம கையால இல்ல. இதுல உங்களுக்கு என்னாங்க சந்தோஷம்?"

எல்லாரிலும் அவளுக்கு ஆறாத கோபம் ஜோதியம்மாள்மேல்தான். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, மாதர் சங்கத் தலைவி. சபையில் அவர் வைத்ததுதான் சட்டம். அவருக்குச் சர்க்கரை ஜாஸ்தி, கை நடுக்கம் வேறு, தானாக ஊசி போட்டுக்கொள்ள முடியாது. டியூட்டிக்குப் போகிற வழியில் கிருபாவதிதான் தினமும் ஸ்கூட்டியை நிறுத்தி இன்சுலின் போட்டுவிட்டுப் போவாள். இவள் கையால் மருந்து உடம்புக்குள் போகலாம், கேசரி வாய்க்குள் போகக் கூடாது. ஊசி போட்டு முடிந்ததும் ஜோதியம்மாள் காபி கொடுக்கச் சொல்வார். அந்த வீட்டில் எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர், கிருபாவதிக்குப் பேப்பர் கப். "கொரோனாவுக்கு அப்புறம் இப்படியே பழகிடுச்சும்மா" என்பார். கொரோனா வார்டிலேயே கிடந்து வெந்தவளிடம் கொரோனாவைப் பற்றிச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அந்தக் காபியை அவள் ஒரு நாளும் மிச்சம் வைத்ததில்லை. பெரியவர் மனம் நோகுமே என்று குடித்தாள். தன் மனம் நோவதைப் பற்றி யாருக்கு என்ன அக்கறை என்று இப்போது நினைத்தால் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

இந்த வருஷம் சபைக்குப் புது ஆயராக எட்வின் பிரகாஷ் வந்தார். இளவயது, நல்ல மனுஷன், பேச்சில் கள்ளமில்லை. வந்த சூட்டோடு சபை ஊழியத்தையே புதுப்பிக்கப்போகிறேன் என்று கிளம்பினார். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லாரையும் உட்காரவைத்து, ஊழியம் என்பது ஆயருடைய தலையில் மட்டும் கட்டிவிடுகிற வேலை இல்லை, ஒவ்வொருவரும் ஊழியர்தான் என்று மூச்சுவிடாமல் பேசினார். வியாதிக்காரர்களைப் பார்க்க ஒரு குழு, பிள்ளைகளுக்கு ஒரு குழு என்று பிரித்துக்கொண்டே வந்து திருவிருந்தில் நின்றார்.

"பேக்கரியில பிரட் வாங்கி வெட்டி வச்சு ஆண்டவருடைய பந்தியை நடத்துறோம். இந்த லெந்துலேர்ந்து சபையாரே வீட்ல அப்பம் சுட்டுக் கொண்டாரட்டும். முதல் ஞாயித்துக்கிழமைக்கு யார் செய்யறீங்க?"

ஆளாளுக்குப் பாட்டுப் புத்தகத்தைப் பைக்குள் வைத்தார்கள். கிருபாவதி கையைத் தூக்கினாள்.

திருவிருந்தில் ஆளுக்கு ஒரு துண்டு அப்பம், ஒரு மிடறு திராட்சரசம். அதுதான் ஆண்டவருடைய சரீரம், அதுதான் அவருடைய இரத்தம் என்று வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே போய் நின்று உபவாசம் என்று யாரும் தப்பிக்க முடியாது. கையைத் தூக்கும்போதே கிருபாவதிக்கு அது தெரிந்திருந்தது. வருஷக்கணக்காக அவள் கையால் சாப்பிடாதவர்கள் ஒரு தடவையாவது சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் ஏன் சாப்பிடவில்லை என்று ஆண்டவர் முன்னாலேயே காட்டிவிட வேண்டும். இரண்டில் ஒன்று தெரியாமல் அவள் விடப்போவதில்லை. முன் பெஞ்சில் இருந்த ஜோதியம்மாளுக்கும் அது புரிந்துவிட்டது.

"கிருபாவுக்கு நைட் டியூட்டி வருமே, பாவம்" என்றார்.

"லீவு போட்டுக்கிறேன் டீச்சரம்மா."

"பதமா வரணும். கல்லு மாதிரி ஆயிட்டா யாரு மெல்றது?"

"பதமா வரும் டீச்சரம்மா. நான் சுட்டதை நீங்க சாப்ட்டதில்ல, அதான் தெரியல."

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆயர் ஒன்றும் விளங்காமல் "ஸ்தோத்திரம்" என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

லெந்து தொடங்குகிற சாம்பல் புதன் ஆராதனை கழிந்து வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஆயர் கிருபாவதி வீட்டுக்கு வந்தார். டீ போட்டுக் கொடுத்தாள். எவர்சில்வர் டம்ளரில்தான் கொடுத்தாள், மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தார். அதனாலேயே அவரை நம்பினாள். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் வந்த விஷயம் வெளியே வந்தது.

"சிஸ்டர், ஞாயித்துக்கிழமை ரெண்டு தட்டா வச்சிக்கலாமா? உங்க அப்பம் ஒரு தட்டு. பேக்கரி பிரட்டு ஒரு தட்டு. வயசானவங்க இருக்காங்க, சர்க்கரை இருக்கறவங்க இருக்காங்க..."

"மைதா பிரட்டுல சர்க்கரை கம்மி, கோதுமையில ஜாஸ்தியா அய்யா? நான் நர்சு. என்கிட்டயே சொல்றீங்க."

ஆயர் தரையைப் பார்த்தார். அவர் முகத்தில் வெட்கம் இருந்தது. வெட்கத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது?

"சில குடும்பங்க சர்ச்சுக்கே வரமாட்டோம்ங்கறாங்க சிஸ்டர். லெந்து ஆரம்பத்துலயே சபை உடையக் கூடாதுன்னு பாக்குறேன். நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்."

கிருபாவதி எழுந்துவிட்டாள். உட்கார்ந்துகொண்டு கேட்கிற விஷயமாக அது இல்லை.

"எங்க தாத்தா காலத்துல டீக்கடையில ரெண்டு கிளாஸு வச்சிருந்தான். அந்த அவமானம் பொறுக்காமதான் இந்தச் சபைக்கு வந்தாங்க. இப்ப ஆண்டவரோட பந்தியிலயே ரெண்டு தட்டு வைக்கலாமான்னு என் வீட்ல உக்காந்து என்கிட்டயே கேக்குறீங்களா? பெரிய மனசு, பெரிய மனசுன்னு எப்பவும் எங்ககிட்டதான் கேக்குறீங்க. எங்ககிட்ட இருக்கறதெல்லாம் குடுத்தாச்சு. அவங்ககிட்ட ஒரு தடவ கேட்டுப் பாருங்களேன் அய்யா."

ஆயரும் எழுந்தார். பிறகு, "மன்னிச்சுக்கோங்க சிஸ்டர். ஒரே தட்டுதான். நான் வாக்கு குடுக்குறேன்" என்று சொல்லிவிட்டு, ஜெபம்கூடப் பண்ணாமல் கிளம்பிப் போனார்.

"பாவம், நடுவுல மாட்டிக்கிட்டு அவரு என்னா பண்ணுவாரு" என்றான் பிரசாத்.

"அவரு மாட்டிக்கிட்டாருன்னு உங்களுக்குத் தெரியுது. நான் மாட்டிக்கிட்டு எத்தினி வருஷம் ஆச்சு, அது தெரியல."

சனிக்கிழமை காலையில் அவன் யாரும் கேட்காமலே மாவு மில்லுக்குப் போய்ப் புதுக் கோதுமை அரைத்துக்கொண்டு வந்தான். சாயந்தரம் அவள் அப்பம் சுடும்போது பக்கத்திலேயே நின்று, சுட்டதைத் துணி விரித்து ஆறவைத்தான். தனக்கென்று ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, "நல்லா வந்திருக்கு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் லெந்து காலத்து ஊதா விரிப்பு போட்டிருந்தது. கிருபாவதி சீக்கிரமே போய்த் தன் தட்டைப் பீடத்தில் வைத்து வெள்ளைத் துணியால் மூடிவிட்டுக் கீழே வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு அப்பம் கொண்டுவந்தவள் என்பதால் திருவிருந்து வேளையில் துணியை எடுப்பதும் ஆயருக்குப் பக்கத்தில் நின்று உதவுவதும் அவள் பொறுப்பு. எல்லாரும் வந்திருந்தார்கள். வரமாட்டோம் என்று மிரட்டியவர்கள் முன் பெஞ்சுகளில் ஒழுங்காக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவள் பைத்தியக்காரி மாதிரி சந்தோஷப்பட்டாள்.

நேரம் வந்தது. மேலே போய்த் துணியை எடுத்தாள். துணிக்கு அடியில் இரண்டு தட்டு இருந்தது.

ஒன்றில் அவளுடைய அப்பம். இன்னொன்றில் பேக்கரி பிரட்டு, ஓரம் நீக்கிச் சின்னச் சின்னதாக வெட்டியது. பாட்டு நேரத்தில் வைத்தார்களோ, பாவ அறிக்கைக்குக் கண் மூடியிருந்த நேரத்தில் வைத்தார்களோ, அவளுக்குத் தெரியாது. ஆயரைப் பார்த்தாள். அவர் ஆராதனைப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அவளுடைய அப்பத்தைப் பிட்டார், இரண்டு தட்டுக்கும் மேலே கையை நீட்டி ஜெபித்தார், சபையாரை வரச்சொன்னார்.

வழக்கம்போல ஜோதியம்மாள்தான் முதலில் வந்தார். முழங்கால் வலி, மண்டிபோட முடியாது, அதனால் பீடத்துக்கு முன்னால் இருக்கிற கிராதியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வாங்குவார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆயரின் கை தானாகவே இரண்டாவது தட்டுக்குப் போனது.

அந்தக் கை போன போக்கைப் பார்த்ததும் கிருபாவதிக்குக் காது அடைத்துக்கொண்டது. யாராவது ஒரு வார்த்தை சொல்லி அது போயிருந்தாலும் தாங்கியிருப்பாள். சொல்லாமலே போனது.

"அய்யா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. "நீங்க ஜெபம் பண்ணது எந்தத் தட்டுக்கு?"

"சிஸ்டர், அப்புறம் பேசலாம்..."

"இப்ப சொல்லுங்க. எது ஆண்டவரோட சரீரம்? இதுவா, அதுவா?"

ஆயர் இரண்டு தட்டையும் பார்த்தார். "ரெண்டும்தான்" என்றார்.

"அப்ப சரி."

இரண்டாவது தட்டை அவர் கைக்கு அடியிலிருந்து எடுத்தாள். அதில் இருந்த பிரட்டு மொத்தத்தையும் தன் தட்டில் கொட்டினாள். வெறும் தட்டைப் பீடத்தின்மேல் கவிழ்த்து வைத்தாள். பிறகு வலது கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து மேலே வரைக்கும், அப்பமும் பிரட்டும் ஒன்றோடு ஒன்று சேரும்படி, எல்லாரும் பார்க்க நிதானமாகக் கலந்தாள். அந்தக் கை எத்தனையோ பேருக்குப் பீயும் மூத்திரமும் அள்ளிய கை, எத்தனையோ பேருக்கு மருந்து கொடுத்துப் பிழைக்கவைத்த கை. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை ஆயரிடம் நீட்டினாள்.

"இப்ப குடுங்கய்யா. நீங்க வாக்கு குடுத்தபடியே ஒரே தட்டு."

ஆயர் வாங்கிக்கொண்டார். மேலாக இருந்த ஒரு துண்டை எடுத்து ஜோதியம்மாளிடம் நீட்டினார். அது பேக்கரித் துண்டுதான், வெள்ளையாகவே இருந்தது. ஜோதியம்மாள் அதைப் பார்த்தார். கிருபாவதியைப் பார்த்தார். கிருபாவதி கண்ணைத் தாழ்த்தவில்லை. ஜோதியம்மாள் கிராதியிலிருந்து கையை எடுத்துவிட்டு, திரும்பி, நடுப்பாதை வழியாகத் தாங்கித் தாங்கி நடந்து வெளியே போய்விட்டார். அவருக்குப் பின்னால் இரண்டு குடும்பம் எழுந்து போனது.

பொருளாளரும் பாதி எழுந்தார். அவர் மனைவி அவருடைய சட்டையைப் பிடித்து, "வாய மூடிக்கிட்டு வாங்க" என்று சொல்லி வாசல் பக்கம் போகாமல் பீடத்தின் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தாள். ஆயர் நீட்டியபடியே வைத்திருந்த அந்தத் துண்டை அவள்தான் முதலில் வாங்கி வாயில் போட்டாள். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். பிரசாத் கடைசியில் வந்தான்.

கிருபாவதிக்குக் கோபம் தீரவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, திறந்து கிடந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஒன்று மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஜோதியம்மாள் ஒரு சாக்கும் சொல்லாமல் போயிருந்தார்.